தாம்பரம் முதல் பேலஸ் கிரவுண்ட்ஸ் வரை: 31 வருஷக் காத்திருப்பு

ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொழில் புத்தி, மாறாது.

வெளிநாட்டுப் பழைய ராக் குழு ஏதாவது இந்தியாவுக்கு வருகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் தாம்பரம் நண்பர்கள் வாட்ஸப்பில் முதல் கேள்வி "சென்னைக்கு வர்றாங்களா?" என்பதுதான். பெரும்பாலும் பதில் தெரிந்தேதான் கேட்கிறோம். 2025 மே 17 அன்று கன்ஸ் அண்ட் ரோசஸ் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் வாசித்தபோதும் இதே கதை. பாடகர் ஆக்சல் ரோஸுக்கு 63 வயது, கிட்டார் வாசிக்கும் ஸ்லாஷுக்கு 59. போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் விவாதித்துவிட்டு யாரும் போகவில்லை. இ.எம்.ஐ., பிள்ளைகள் பரீட்சை, முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம்.

அந்த வாரத்தில்தான் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒரு குழு தொடங்கிய ஆண்டு ஒரு பத்தியில். இந்தியாவில் முதன்முதலாக டிக்கெட் விற்று மேடை ஏறிய ஆண்டு அடுத்த பத்தியில். நடுவே எத்தனை வருஷம்?

யூரியா ஹீப் 1969இல் தொடங்கி 1983இல் வந்தார்கள், 14 வருஷம். டீப் பர்பிள் 1968, 1995. ஆக 27. பிங்க் ஃபிளாய்ட் குழுவாக வரவே இல்லை. அதன் ரோஜர் வாட்டர்ஸ் 2002இல் பெங்களூர் வந்தார். குழு தொடங்கிய 1965இலிருந்து எண்ணினால் 37. ரோலிங் ஸ்டோன்ஸ் 1962, 2003: 41. அயர்ன் மெய்டன் 1975, 2007: 32. ஸ்கார்பியன்ஸ் 1965, 2007: 42. மெட்டாலிக்கா 1981, 2011: 30. கன்ஸ் அண்ட் ரோசஸ் 1985, 2012: 27. எட்டையும் கூட்டினால் 250. சராசரி 31 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972இல் பம்பாயில் ஒரு கிளப்பில் இரவல் கருவிகளை வைத்து வாசித்தார்களே என்று யாராவது கேட்பீர்கள். அது கச்சேரி ஆகாது, சேர்க்கவில்லை. தி போலீஸ் குழுவையும் சேர்க்கவில்லை. அவர்கள் 1977இல் தொடங்கி 1980 மார்ச்சிலேயே பம்பாய் ரங் பவனில் வாசித்துவிட்டார்கள். மூன்றே வருஷம்! அதை ஏற்பாடு செய்தது பம்பாய்ப் பெண்களின் தொண்டு அமைப்பு ஒன்று. அதாவது இசை வியாபாரத்தின் வழக்கமான வாசல் வழியாக அவர்கள் வரவில்லை. அந்த வாசல் இங்கே அப்போது மூடித்தான் இருந்தது.

ஏன் மூடியிருந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1973இன் ஃபெரா சட்டம் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்டது. 1991இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்த நாடு இது. கிட்டார் வாசிப்பவருக்குப் பல லட்சம் டாலர் அனுப்புகிறேன் என்று ரிசர்வ் வங்கியிடம் போய் நின்றால் என்ன சொல்லியிருப்பார்கள்? டீப் பர்பிள் 1995இல்தான் வந்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் இது மேடையின் பக்கத்திலிருந்து சொல்லும் வரலாறு. எனக்கு வேண்டியது மறுபக்கம். அந்த 31 வருஷம் இங்கே காத்திருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மேற்கத்திய இசை எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததற்கு இந்தத் தடத்தைத்தான் காரணம் சொல்வேன். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. பல்லாவரத்தில் வெட்டரன் லைன்ஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது, ஓய்வுபெற்ற பழைய ராணுவத்தினரை வைத்து வந்த பெயர். (வெட்டரன் ராக்கர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) பீட்டில்ஸின் முதல் டிரம்மர்களில் ஒருவரான பீட் பெஸ்ட் 1941இல் பிறந்தது மெட்ராஸில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1962இல் அவரை விலக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். நம்ம ஊர் ராசி.

பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அங்கிளிடம்தான் எனக்கு முதல் பாடம். ரயில்வேயில் வேலை. 1946இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் ரேடியோ சிலோனில் ரோலிங் ஸ்டோன்ஸ் கேட்டு மாட்டிக்கொண்டவர். 1966இல் ஆஸ்திரேலியா குடியேற்ற விதிகளைத் தளர்த்தியது. சில வருஷத்தில் அங்கிளின் தம்பி கப்பல் ஏறிவிட்டார். அந்தத் தெருவிலேயே பாதி வீடு காலி ஆனது என்பார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கிள் இங்கேயே தங்கிவிட்டார். 1973இல் ஸ்டோன்ஸ் ஆஸ்திரேலியா போனார்கள். தம்பி நேரில் பார்த்துவிட்டு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கிள் அதை ஒரு எல்.பி. ரெக்கார்டு உறைக்குள் வைத்திருந்தார். எனக்குக் காட்டியிருக்கிறார், படிக்கக் கொடுத்ததில்லை.

என் காலம் கேசட் காலம். பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பர்மா பஜார்; 1969இல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவான கடைவீதி. ஒரிஜினல் கேசட் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு தாம்பரத்தில் ரெக்கார்டிங் சென்டர். வெற்று கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் போனால் பதிவு செய்து தருவார். 60 நிமிட கேசட் வாங்கினால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். மெய்டனின் ஒரு பாட்டு எப்படி முடியும் என்பதே எனக்கு ஆறு வருஷம் தெரியாது. கல்லூரியில் ஒரு ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் எம்பி3 வந்த பிறகுதான் முழுதாகக் கேட்டேன். பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை அந்த முடிவில்.

2003க்கு வருகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் ஏப்ரல் 4 பெங்களூர், 7 மும்பை என்று அறிவிப்பு. அங்கிளுக்கு அப்போது 57. டிக்கெட் வாங்கி, ரயில்வே பாஸ் எழுதி, லீவும் போட்டாயிற்று. மார்ச் கடைசியில் சார்ஸ் நோய் பரவி ஹாங்காங் கச்சேரிகள் ரத்தாயின. சீனாவும் போயிற்று. இந்தப் பக்கம் ஈராக் போர் வேறு. தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து ஸ்டோன்ஸ் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாராம், இல்லையென்றால் நிம்மதியாம். செய்தி வந்தால் அது ரத்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்பது அவர் தர்க்கம்.

வந்தார்கள், வாசித்தார்கள். திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கிழவனுங்க நல்லா ஓடுறானுங்க மேன். நான் பிளாட்ஃபார்ம் படி ஏறவே மூச்சு வாங்குது."

மிக் ஜாகருக்கு அன்று 59. அங்கிளை விட மூன்று வயது மூத்தவர். 1943இல் பிறந்த இன்னொருவர் நம்ம இளையராஜா. அவர் 2022 மார்ச்சில் தீவுத்திடலில் "ராக் வித் ராஜா" நடத்தியபோது 78. இந்த வயசுக் கணக்கில் நம்ம ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை.

என் முறை 2007 மார்ச் 17, சனிக்கிழமை, அயர்ன் மெய்டன். வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்கள் ஐந்து பேர் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக சென்ட்ரல் போய் பெங்களூர் மெயில் பிடித்தோம். எல்லாரும் கறுப்பு டி-ஷர்ட். எதிர் சீட்டுப் பாட்டி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சபரிமலைக்கா தம்பி?" என்று கேட்டார். என் நண்பன் அசராமல் "ஆமா பாட்டி" என்றான். எங்களுக்கு விபூதி பூசிவிட்டார். பெட்டியில் இன்னும் ஒரு பத்து கறுப்பு டி-ஷர்ட்டாவது இருந்தது. முன்பின் தெரியாதவர்கள், ஆனால் காட்பாடி தாண்டுவதற்குள் எல்லாருமே அவரவர் கேசட் கதையைச் சொல்லி முடித்திருந்தோம்.

பேலஸ் கிரவுண்ட்ஸில் வரிசையில் நின்றது மத்தியானம் முழுக்க. முதலில் டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். மெய்டனை நிறுவிய ஸ்டீவ் ஹாரிஸுக்கு ஐந்து நாள் முன்புதான் 51 முடிந்திருந்தது. எங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கிட்டார் மெட்டுக்களையே கூட்டம் வாயால் பாடியது. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே இடத்தில் மூச்சு எடுக்கத் தெரிந்திருந்தது. அவ்வளவு பேரும் தனித்தனி அறைகளில் ஒரே கேசட்டை வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் அதுவரை தாம்பரத்தில் ஒரு நாலைந்து பேருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கே உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. கச்சேரி முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தால் விக்கெட் விழுந்துகொண்டிருக்கிறது. 191க்கு ஆல் அவுட். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி ஓசூர் தாண்டும்போது தோல்வி கிட்டத்தட்ட உறுதி. பஸ்ஸே துக்க வீடு மாதிரி இருந்தது. கடைசி சீட்டில் ஐந்து பேர் மட்டும் தொண்டை கட்டிப்போய் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏன் பெங்களூர், ஏன் சென்னை இல்லை? சென்னையில் ரசிகர்கள் இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2009இல் ஐஐடி சாரங் விழாவுக்கு ஸ்வீடனின் ஓப்பெத் வந்தபோது வேளச்சேரிப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் போனோம் என்று எனக்குத் தெரியும். என் கணிப்பில் காரணம் இரண்டு. ஒன்று, ஏற்பாட்டாளர்கள். பெரிய வெளிநாட்டுக் கச்சேரிகளை நடத்தத் தெரிந்த டிஎன்ஏ போன்ற நிறுவனம் பெங்களூரில் வளர்ந்தது. ஸ்பான்சர் தரும் மதுக் கம்பெனிகளும் அங்கேதான். இரண்டாவது, மைதானம். ஊருக்கு நடுவில் பேலஸ் கிரவுண்ட்ஸ் மாதிரி ஒரு இடம், ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோவில் போகிற தூரத்தில்.

இங்கே என்ன ஆகிறது என்பதை 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் பார்த்தோம். ஏ.ஆர். ரஹ்மானின் "மறக்குமா நெஞ்சம்". சிறு வயதில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்தவர் அவரும். ஆகஸ்ட் 12இல் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. காத்திருந்து வந்தவர்களில் பலர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். ஈசிஆர் மொத்தமும் நின்றது. ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். தாம்பரத்திலிருந்து பனையூருக்கு நேர் ரயில் கிடையாது. அவ்வளவு பேரும் ஒற்றைச் சாலையில் வந்து சேர வேண்டியிருந்தது. கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லாத ஊர் இது. கூட்டத்தைக் கொண்டுபோய் வைக்க இடம்தான் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அங்கிளைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது மகளோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். லேப்டாப்பில் என் ஷீட்டைக் காட்டினேன். 1962, 2003, 41 என்று ஸ்டோன்ஸ் வரிசையில் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது அவனுங்க கணக்கு. என் கணக்கு எங்க?"

உள்ளே போய் அந்த எல்.பி. உறையை எடுத்து வந்தார். தம்பியின் 1973 கடிதம் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் 2003 டிக்கெட்டை ஒட்டியிருந்தார். ஒட்டுவதற்கு முன் அதை நகல் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாராம், கூட ஒரு வார்த்தைகூட எழுதாமல். தம்பி அங்கிருந்து போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாராம். முப்பது வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை என்றார் மகள்.

ஷீட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்திருக்கிறேன். முதலில் கேட்ட ஆண்டு, எதில் கேட்டது, நேரில் பார்த்த ஆண்டு, ஏறிய ஸ்டேஷன் என்று நான்கு பத்தி. உங்களிடம் கணக்கு இருந்தால் எழுதி அனுப்புங்கள், பார்க்காமலே போனவர்களுக்கும் இடம் உண்டு. முதல் வரிசை அங்கிள் சொல்லச் சொல்ல நான் தட்டியது: 1964, ரேடியோ சிலோன், 2003, பல்லாவரம். 39 வருஷம்.