பொய்க் கண்ணி – 12: குப்பியின் மேல் ஒரே எழுத்து

சென்ற வாரம், புளோரிடாக் கடலின் கடற்பஞ்சிலிருந்து வெர்னர் பெர்க்மன் பிரித்தெடுத்த விசித்திர நியூக்ளியோசைடுகளைப் பார்த்தோம். வழக்கமான ரைபோஸ் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் அரபினோஸ்! இனி டெட்ராய்ட் நகரம். ஆண்டு 1964.

அங்கே வேதியியலர் ஜெரோம் ஹார்விட்ஸ் போட்ட கணக்கு எளியது. புற்றுச்செல் ஓயாமல் பெருகும், பெருக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வுக்குத் தைமிடின் வேண்டும். தைமின் என்ற நைட்ரஜன் காரமும் டீஆக்சிரைபோஸ் சர்க்கரையும் சேர்ந்த நியூக்ளியோசைடு அது. செல் அதன்மேல் மூன்று பாஸ்பேட்டுகளை ஏற்றிச் சங்கிலியில் கோக்கும். அடுத்த கண்ணி வந்து பற்றிக்கொள்ள, சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் காத்திருக்கும்.

ஹார்விட்ஸ் கைவைத்தது அங்கேதான். ஹைட்ராக்சிலை நீக்கிவிட்டு, மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட அசைடைப் பொருத்தினார். பிறந்தது அசிடோதைமிடின், சுருக்கமாக ஏ.இசட்.டி. தைமிடின் என்று நம்பி இதைக் கோத்த கணமே சங்கிலி நின்றுவிட வேண்டும்.

ரத்தப்புற்று கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பலனும் இல்லை. காப்புரிமைகூடக் கோராமல் வேறு வேலையில் இறங்கினார்.

1974-இல் ஜெர்மனியில் வொல்ஃப்ராம் ஓஸ்டர்டாக், எலிகளைத் தாக்கும் ஃபிரெண்ட் வைரஸை ஏ.இசட்.டி. அடக்குவதைக் கண்டார். தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் இனம் அது. மனிதரைத் தாக்கும் ரெட்ரோவைரஸ் எதுவும் அன்று அறியப்படவில்லை. யார் கவனிப்பார்கள்?

1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் அறிவித்தது. இருவர் அதற்குள் இறந்திருந்தார்கள். 1983-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனம், இதன் பின்னணியில் இருந்த, பின்னாளில் எச்.ஐ.வி. எனப் பெயர் பெற்ற கிருமியைப் பிடித்தது. அது ஒரு ரெட்ரோவைரஸ்!

1985 பிப்ரவரி. பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் பரோஸ் வெல்கம் கம்பெனி சில மருந்துகளை அனுப்பியது. பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன, அவற்றில் ஒன்றுக்கு ‘எஸ்’ என்ற எழுத்து மட்டுமே அடையாளம். அங்கே ஆய்வாளர் ஹிரோவாகி மிட்சுயா, எச்.ஐ.வி. தாக்கும் டி-செல்கள் இருந்த குழாய்களில் அந்த வைரஸைச் சேர்த்தார். மருந்து சேராத குழாய்களில் செல்கள் மடிந்தன.

‘எஸ்’ சேர்த்த குழாயில்? எலியின் புற்றுச்செல் சீந்தாத பொய்க் கண்ணியை எச்.ஐ.வி. மட்டும் கோத்துக்கொள்ளுமா? கோத்துக்கொண்டால், நோயாளியின் நல்ல செல்கள் தப்புமா?

(அடுத்த வாரம் தொடரும்)