அறுவடைக்குப் பிந்தைய ஆட்டம்: மாவட்டத்து ஊர்க் கிரிக்கெட்டும் நிலமும்

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் வரலாறு என்று நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சென்னையின் வரலாறு. 1846இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1888இல் புச்சிபாபு நாயுடு இந்தியர்களுக்காக உருவாக்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப், 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூரை மெட்ராஸ் ஒரே நாளில் வென்ற முதல் ரஞ்சி ஆட்டம், அப்புறம் கம்பெனி அணிகளின் லீக் என்று அந்தக் கதை போகும். எஸ். முத்தையாவின் ‘தி ஸ்பிரிட் ஆஃப் சேப்பாக்’, வி. ராம்நாராயணின் ‘மஸ்கிட்டோஸ் அண்ட் அதர் ஜாலி ரோவர்ஸ்’ ஆகிய இரண்டு நூல்களுக்கும் மையம் சென்னைதான். இந்தக் கதையில் மாவட்டங்கள் தலைகாட்டுவது, தலைநகருக்கு ஆள் அனுப்பும் ஊர்களாக மட்டுமே.

இப்படி எழுதுவதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: கிரிக்கெட் சென்னையில் முளைத்து, மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் வழியாகக் கீழே இறங்கி, கடைசியில் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது என்பது அது. மாவட்டச் சங்கம், மாவட்ட லீக், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி என்ற ஏணி இருப்பது உண்மை. ஆனால் ஊர் டீம்களில் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஏணியில் ஒரு படிகூட ஏறியவர்கள் அல்லர். அவர்கள் ஆடிய ஆட்டத்தின் காலம், விதி, பந்து, ஆள்சேர்ப்பு எல்லாவற்றையும் தீர்மானித்தது சங்கம் அல்ல. நிலம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலத்திலிருந்து தொடங்கலாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இடைப்பட்ட மாதங்களில் உளுந்தோ பயறோ விதைக்காத வயல் சும்மா கிடக்கும். வரப்பை இரண்டு இடத்தில் வெட்டிச் சமன்செய்து, தாளடியை மிதித்து, நடுவில் ஒரு துண்டு நிலத்தைத் தண்ணீர் தெளித்து இறுக்கினால் பிட்ச் தயார். தெற்கே இதே வேலையைக் கண்மாய் செய்கிறது. பங்குனி வாக்கில் நீர் வற்றிய உள்வாய் ஒரே சமதளமாக வெடித்துக் கிடக்கும். யாருடைய பட்டாவும் இல்லை என்பதால் அனுமதி கேட்கும் வேலையும் குறைவு. பள்ளி விடுமுறையும் கோயில் கொடைகளும் திருவிழாக்களும் இந்த மாதங்களையே ஒட்டி வருவது டோர்னமென்ட்டுக்குக் கூடுதல் வசதி. மெட்ராஸில் ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதிய பிரசிடென்சி ஆட்டமும் பொங்கலை ஒட்டியே நடந்தது; பொங்கல் மேட்ச் என்றே அதற்குப் பெயர். அங்கே பொங்கல் என்றால் விடுமுறையும் இதமான வெயிலும். கிராமத்துப் பொங்கல் டோர்னமென்ட்டுக்கு அதற்கு மேல் ஒரு காரணம் உண்டு: கதிர் அறுத்தால்தான் ஆட இடம். (மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் முதல் ரஞ்சி ஆட்டம் நடந்ததும் ஒரே ஆண்டு, 1934. தற்செயல்தான், ஆனால் மாவட்டக் கிரிக்கெட்டை எழுதுபவருக்கு இரண்டில் முக்கியமானது அணை.)

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் தொலைக்காட்சி. 1983 உலகக் கோப்பை வெற்றியும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மாவட்டங்களுக்கு வந்த தொலைக்காட்சி மறுஒளிபரப்பு நிலையங்களும் இல்லாமல் கபடி ஊர்கள் கிரிக்கெட் ஊர்களாக மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் தொலைக்காட்சி ஆசையைத்தான் கொடுத்தது. 1980களில் ஏன் பரவியது என்பதற்கு அதில் விடை இருக்கிறது. ஏன் ஆறு ஓவர், எட்டு ஓவர் என்று ஆடினார்கள், ஏன் டென்னிஸ் பந்து, ஏன் கிணற்றுக்குள் அடித்தால் அவுட் என்பதற்கு இல்லை. திரையில் பார்த்தது ஐந்து நாள் ஆட்டமும் ஐம்பது, அறுபது ஓவர் ஆட்டமும். அதை அப்படியே எடுத்து ஆட எந்த ஊரிலும் இடமும் இல்லை, பகல் முழுக்க ஓய்ந்திருக்கும் ஆளும் இல்லை.

டென்னிஸ் பந்தை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது வழக்கம். கார்க் பந்து விலை அதிகம், பேடும் கையுறையும் வேண்டும் என்பது சரியே. ஆனால் வெடிப்பு விட்ட வயலில் 156 முதல் 163 கிராம் எடையுள்ள தோல் பந்து எங்கே எழும்பும், எங்கே தாழும் என்று சொல்ல முடியாது. பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. அறுபது கிராமுக்குள் இருக்கும் டென்னிஸ் பந்து அந்தத் தரைக்குப் பொருந்தியது. பந்து மாறினால் பந்துவீச்சும் மாறும். தையல் இல்லை, ஆகவே தையலை நம்பிய வித்தை பலிக்காது. தரையில் பட்டு எழும்பினால் மட்டையாளர் எல்லைக்கு மேலே தூக்கிவிடுவார். எட்டு ஓவர் ஆட்டத்தில் விக்கெட்டைக் காக்க வேண்டிய கவலையும் அவருக்கு இல்லை. பந்துவீச்சாளருக்கு மிஞ்சிய ஒரே புகலிடம் காலடியில் விழும் யார்க்கர்.

தங்கராசு நடராஜனின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்தவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தே உலகம். பிறகு சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவு, 2015 தொடக்கத்தில் ரஞ்சி, 2017இல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். பத்திரிகைகள் இதை வறுமையை வென்ற கதையாக எழுதின. வறுமை உண்மைதான். ஆனால் அந்த யார்க்கரை வறுமை கற்றுக்கொடுக்கவில்லை. ஊர்ப் போட்டிகள் கற்றுக்கொடுத்தன. சங்கத்தின் பயிற்சித் திட்டம் ஒரு திறமையைக் கண்டெடுத்தது என்பதைவிட, அதற்கு வெளியே முழுசாக விளைந்திருந்த ஒரு கலையைச் சங்கம் தாமதமாகச் சந்தித்தது என்பதே பொருத்தம். அதே ஊரிலிருந்து வந்த ஜி. பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானபோது, ஒருவரின் அதிசயம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

ஊர்க் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் புத்தகம் மிஞ்சுவதில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கணக்கு அடுத்த வாரம் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். மிஞ்சுவது டோர்னமென்ட் நோட்டீஸ். அதன் வடிவம் மாவட்டந்தோறும் ஏறக்குறைய ஒன்றே. மேலே அம்மன் அல்லது அய்யனார் துணை; கீழே ‘மாபெரும் கிரிக்கெட் திருவிழா’; காலஞ்சென்ற இளைஞர் ஒருவரின் படத்துடன் நினைவுக் கோப்பை; முதல் பரிசிலிருந்து நான்காம் பரிசு வரை தொகையும் அதைத் தருபவர்களின் பெயரும். ஊராட்சித் தலைவர், நெல் வியாபாரி, சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள் என்று அந்தப் பெயர்கள் ஊரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் கணக்கேடு. கடைசியில் விதிமுறைகள்: நுழைவுக் கட்டணம், பந்தின் பெயர், நடுவர் தீர்ப்பே இறுதியானது. சமீப காலத்து நோட்டீஸ்களில் ஒரு வரி கூடுதல்: ஒரே ஊராட்சி ஆட்கள் மட்டும், ஆதார் அட்டை கட்டாயம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. பரிசுத் தொகை ஏற ஏற, நன்றாக அடிப்பவரை வெளியூரிலிருந்து ‘கெஸ்ட்’ என்று கூட்டிவரும் பழக்கம் வந்தது. பெட்ரோல் காசு, சாப்பாடு, ஜெயித்தால் பங்கு. இதைத் தொழில்முறை ஆட்டம் என்று சங்கம் ஒப்புக்கொள்ளாது; அமெச்சூர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வேலை கொடுத்து ஆளை எடுத்த சென்னைக் கம்பெனி அணிகளும் அதே இரண்டுங்கெட்டான் நிலையில்தான் பல காலம் இருந்தன. வித்தியாசம், ஒன்றுக்கு மாதச் சம்பளச் சீட்டு இருந்தது.

நிலம் யாருடையது என்ற கேள்வி யார் ஆடலாம் என்ற கேள்வியும் ஆகும். ஊர்ப் பொது நிலம் என்று சொல்லப்படுவது எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் பொதுவாக இருந்ததில்லை. ஒரே ஊராட்சியில் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம் என்று பிரிந்திருந்ததற்கு ஆட்டத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தின் முக்கியச் சிக்கல்களில் ஒன்று, திறமை இருந்தும் சாதியால் ஊர் டீமுக்கு வெளியே நிறுத்தப்படும் ஒருவன். ஆய்வாளர்கள் தொடாத இடத்தைச் சினிமா தொட்டுவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆட்டத்திறன் சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். மைதானத்தில் தோளில் கைபோட்டுக்கொள்பவர்கள் கோப்பையோடு ஊர்வலம் போகும்போது எந்தத் தெருவில் நுழைகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சான்று முழுமையாகும்.

சங்கக் கிரிக்கெட்டுக்கும் நிலம் சும்மா வந்துவிடவில்லை. 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியபோது சென்னைக்கு வெளியே ஆட்டம் நடந்த இடங்கள் இரண்டு: நத்தத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மைதானம், திருநெல்வேலி சங்கர் நகரில் ஒரு சிமென்ட் நிறுவனத்தின் மைதானம். சேலம் மாவட்டத்திலேயே வாழப்பாடி அருகே 2020இல் ஒரு பெரிய மைதானம் திறக்கப்பட்டது. 2023இல் சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் ஊருக்காக ஒன்றைத் திறந்தார். பெயர் வாங்கிய பிறகு அவர் ஊருக்குக் கொண்டுவந்தது இடம். 2024இல் அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் தொகுப்பு வழங்கியது நல்ல காரியம். ஆனால் ஊர் டீம்களுக்கு மட்டை ஒருபோதும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை.

ஊரை ஒட்டிய தரிசுகள் இப்போது மனைப்பிரிவுகளாகின்றன. விற்காத மனைகளில் ஆட்டம் தொடர்கிறது. எல்லைக் கல் ஸ்டம்பாகிறது, முப்பதடி ரோடு பிட்சாகிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என்று விதி உண்டு. அந்த இடங்களில் எத்தனை இன்று பந்து உருளும் தரையாக இருக்கின்றன என்பதை, மாவட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் தேடிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலும் நகர் ஊரமைப்பு அலுவலக வரைபடங்களிலும்தான் தேட வேண்டும்.