நாகான் சுழல்துப்பாக்கியும் அதன் முத்திரைகளும்

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாறு கூறும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அரசுகள் தம் பெயரைத் தம் படைக்கலங்களிலும் பொறித்துச் சென்றுள்ளன. இரசியப் படையினர் ஏந்திய நாகான் என்னும் சுழல்துப்பாக்கி இதற்கு நல்லதொரு சான்றாகும்.

இதனை ஆக்கியவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தவரான லியோன் நாகான். சார் மன்னர் இரண்டாம் நிக்கொலசின் ஆட்சியில், 1895 ஆம் ஆண்டில், இரசியப் படை இதனை ஏற்றுக்கொண்டது. முதலில் லியேஜிலே செய்யப்பட்ட இத்துப்பாக்கி, 1898 முதல் தூலா நகர ஆயுதச்சாலையில் உருவாயிற்று. மகா பீட்டர் 1712 இல் நிறுவிய பழம்பெருஞ் சாலை அது.

பிற சுழல்துப்பாக்கிகளிலே தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையே சிறு வெளியுண்டு. வெடிக்கும்போது வாயு அவ்வழியே கசியும். நாகானிலோ, குதிரை பின்வாங்கியதும் ஏழு தோட்டாக்களைத் தாங்கிய உருளை முன்னகர்ந்து குழலோடு பொருந்தும். குண்டு முற்றும் உள்ளடங்கிய நீண்ட தோட்டா உறை, எஞ்சிய இடுக்கையும் அடைத்துவிடும்.

இதில் இருவகை செய்தனர். அதிகாரியின் துப்பாக்கியில் விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழும். சாதாரண வீரனோ ஒவ்வொரு வேட்டுக்கும் குதிரையைக் கையால் இழுத்து வைத்தல் வேண்டும். மேலோர் கீழோர் என்ற வேற்றுமை பொறியினுள்ளும் புகுந்துவிட்டது! புரட்சிக்குப் பின் அதிகாரிக்குரிய வகை மட்டுமே தொடர்ந்து செய்யப்பட்டது.

இனி முத்திரைகளைக் காண்போம். பழைய நாகானின் இடப்பக்கத்திலே பேரரசின் தூலா ஆயுதச்சாலை என்ற பெயரும் செய்த ஆண்டும் காணப்படும். அப்பெயரில் ‘சாலை’ எனப் பொருள்படும் ‘சவோத்’ என்ற இரசியச் சொல்லின் ஈற்றிலே ஒலியற்ற ஓர் எழுத்து நிற்கும். 1918 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் சொல்லீற்றிலிருந்து அவ்வெழுத்தை நீக்கியது. சோவியத் காலத்தில் பேரரசின் பெயர் மறைந்து, அம்பு பொறித்த நட்சத்திரம் தூலாவின் அடையாளமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இஷெவ்ஸ்க் நகரிலும் நாகான் செய்யப்பட்டது. அதன் முத்திரை வட்டத்துள் முக்கோணம், முக்கோணத்துள் அம்பு. குறுக்குக்கோடிட்ட சிறு சதுரம், பின்னர் பழுதுபார்த்துப் புதுக்கப்பட்டமையைக் காட்டும்.

1918 யூலை 17 ஆம் நாள், எக்காத்தரீன்பேர்க் நகர வீடொன்றின் கீழறையிலே சார் மன்னர் மனைவி மக்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் கைகளில் நாகான் துப்பாக்கிகளும் இருந்தன. தமது ஆட்சியின் தொடக்கத்திலே தம் படை ஏற்ற ஆயுதமே மன்னரின் முடிவுக்கும் துணைநின்றது.

பேரரசு 1917 இல் வீழ்ந்தது. நட்சத்திரம் பொறித்த அரசும் 1991 இல் மறைந்தது. முத்திரையிட்ட இரண்டும் போயின. முத்திரை மாத்திரம் நிற்கின்றது. அதனைப் படிக்கும் நாம், ஆண்டையும் ஆலையையும் அறிவதோடு அமையாது, அக்குழலின் முன் நின்ற மாந்தரையும் நினைத்தல் வேண்டும். அவர்தம் பெயரை எந்த இரும்பும் தாங்கவில்லை.