பார்சலில் செல்போனுக்கு பதில் சோப்பு கட்டி! பணத்தை மீட்பது எப்படி?

சீட்டு பணத்தை எடுத்து ஆசை ஆசையாய் ஆன்-லைனில் செல்போன் ஆர்டர் கொடுத்தால், பார்சலில் வருவதோ சோப்பு கட்டி! கம்பெனிக்கு போன் போட்டால், "நாங்க விக்கலைங்க... வித்தவர்கிட்ட கேளுங்க" என்று கையை விரிக்கிறார்கள். "போனது போகட்டும்" என்று பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. சட்டம் வாங்கியவர் பக்கம்தான் இருக்கிறது.

பிரிக்கும்போதே வீடியோ

பார்சலை பிரிக்கும்போது வீட்டில் ஒருவரை வீடியோ எடுக்க சொல்வது நல்லது. முகவரி சீட்டும், ஒட்டிய டேப்பும் அதில் தெளிவாக தெரிய வேண்டும். பில், அட்டைப்பெட்டி, எஸ்.எம்.எஸ். எதையும் தூக்கி போடக்கூடாது. டெலிவரி பையனிடம் சண்டை போட்டு பலன் இல்லை. ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் 'ஆப்' வழியாகவே புகார் கொடுத்து, புகார் எண்ணை குறித்துக்கொள்ள வேண்டும்.

48 மணி நேர கெடு

2020-ம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை பெற்றதாக பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளை திரும்ப வாங்க விற்றவர் மறுக்க முடியாது. எழுதி கேட்டால், விற்றவரின் முகவரியை கம்பெனி கொடுத்தாக வேண்டும்.

மசியவில்லையா? 1915

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனியிடம் பேசி முடித்து வைக்க பார்ப்பார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு கிடையாது.

கடைசியில் கோர்ட்டு

அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளின் விலையோடு அலைச்சலுக்கும், மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேட்கலாம்.

உஷார்!

கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்டில் தேடி போன் போடக்கூடாது. போலி ஆசாமிகள் அங்கேதான் வலை விரித்திருக்கிறார்கள். 'ஆப்'பில் உள்ள நம்பர் மட்டுமே சரி. "பணத்தை திருப்பி தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் உடனே போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930-க்கு போன் போட வேண்டும்.