வேட்டைக்காரர் விட்டுச் சென்ற காடு



கோலாலம்பூர் இரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமெக்கையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்பதை வரலாற்று ஆர்வலர் பலர் அறிவர். அவருடைய தம்பி தியோடர் ஹப்பக்கை அறிந்தவர் சிலரே. அண்ணன் விட்டுச் சென்றவை கட்டடங்கள். தம்பி விட்டுச் சென்றது ஒரு காடு. அதுவே நாம் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் தாமான் நெகாரா. அக்காட்டுக்காகப் போராடிய அம்மனிதர் முதலில் பேர்பெற்ற வேட்டைக்காரர் என்பதுதான் வியப்பு.

1872இல் இங்கிலாந்தில் பிறந்த தியோடர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் தோட்டத்துரையாக இருந்தார். யானையையும் செலாடாங் எனும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவங்களை 1905இல் நூலாகவே வெளியிட்டார். கொம்பையும் தந்தத்தையும் வெற்றிச் சின்னங்களாக வீட்டுச் சுவரில் மாட்டுவது அக்காலத் துரைமாரிடையே பெருமைக்குரிய வழக்கம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய நோக்கு மாறியது. இரப்பர்த் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. பயிரைக் காப்பதாகச் சொல்லி விலங்குகள் கணக்கின்றிச் சுடப்பட்டன. அந்தப் போர்வையில் இறைச்சி, கொம்பு வணிகமும் நடைபெறுவதாக அவர் வாதிட்டார். தோட்ட முதலாளிகளோ, நாட்டின் வருவாயை விட யானை பெரிதா என்று கேட்டனர். யானை வருவது துரைமாருக்கு வருமானக் கணக்கு. விடியுமுன் மரம் சீவப் புறப்பட்ட நம் பாட்டன் பாட்டிமாருக்கோ அது உயிர்க் கணக்கு. ஆதலால் இவ்வழக்கில் ஒரு பக்கமே நியாயம் என்று நான் கூறமாட்டேன்.

1925இல் பகாங்கில் குனோங் தாஹான் வனவிலங்குக் காப்பகம் உருவானது. 1930இல் ஹப்பக்கின் தலைமையில் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1932இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்கள் சட்டமியற்றி 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா எனப்பட்ட அதுவே விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா ஆயிற்று. ஹப்பக் 1942இல், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், மறைந்தார்.

வேட்டைக் கட்டணமே விலங்கைக் காக்கிறது என்று இன்று வாதிடுவோர் உளர். 2015இல் சிம்பாப்வேயில் செசில் என்னும் சிங்கம் கொல்லப்பட்டபோது இவ்வாதம் உலகெங்கும் எழுந்தது. அவ்வேட்டைக்கு ஏறத்தாழ 50,000 அமெரிக்க டாலர் செலுத்தப்பட்டிருந்தது. கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014இல் தடை விதித்து, 2019இல் அதனை நீக்கியது. நாடுகளே ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஆதரவாளர் பெரிதும் எடுத்துக்காட்டுவது தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகத்தை. 1900 வாக்கில் நூற்றுக்கும் குறைவாக இருந்த அவ்வினம் பின்னர்ப் பல்லாயிரமாகப் பெருகியது உண்மை. நில உரிமையாளர்கள் அதனை வளர்க்க வேட்டை வருமானம் ஊக்கம் தந்ததும் உண்மை. ஆனால் 1968இல் கட்டண வேட்டை தொடங்கியபோதே அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 1,800ஐ எட்டியிருந்தது. நூறு ஆயிரமாகப் பெருகியது துப்பாக்கியால் அன்று, காவலுள்ள காப்பகத்தால். ஹப்பக்கின் வரலாறும் இதையே சொல்கிறது. வேட்டை அவருக்குக் காட்டை அறிமுகப்படுத்தியது. காட்டைக் காத்ததோ, துப்பாக்கி நுழையக்கூடாது என்று வரையறுத்த நிலம்.

மேலும், புல்வெளியில் மேயும் விலங்கை எண்ணிவிடலாம். இத்தனை சுடலாம் என்று அளவும் வகுக்கலாம். நம் மழைக்காட்டில் புலியை எண்ணத் தானியங்கிக் கேமராக்களுடன் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கிறது. எண்ணுவதற்கே அரிதானதில் எத்தனையைக் கொல்லலாம் என்று யார் அளவிடுவார்?

ஆயினும் சட்டம் மட்டும் போதாது. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்ததுடன் சுமத்ராக் காண்டாமிருகம் மலேசியாவிலிருந்து அற்றுப்போனது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியிருந்த மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. இன்று அவற்றைக் கொல்வது துரையின் துப்பாக்கி அன்று. கள்ள வேட்டைக்காரர் புதரில் கட்டும் கம்பிக் கண்ணி.

இன்னொன்றையும் மாணவருக்குச் சொல்லுதல் நம் கடன். அக்காலத்தில் கொம்புக்காகச் சுட்ட துரை வீரர் எனப்பட்டார். வயிற்றுக்காகச் சுட்ட ஏழை திருடன் எனப்பட்டான். அக்காட்டில் பூங்காவுக்கு முன்பே வாழ்ந்தவர்கள் பாத்தேக் பழங்குடியினர். காட்டைக் காப்போம் என்னும்போது அங்கு வாழ்வோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கோலத் தாஹானில் படகிலிருந்து இறங்கும்போது, பிள்ளைகளிடம் அண்ணன் தம்பி இருவரின் கதையையும் சொல்லுங்கள். அண்ணன் எழுப்பிய கட்டடம் பழுதானால் திருத்திக் கட்டலாம். தம்பி காத்த காட்டிலிருந்து ஒருமுறை அற்றுப்போனதை நம்மால் திரும்பப் படைக்க இயலாது.

அன்புடன், உங்கள் ஆசிரியன்.