இறால் ஓடு புண்ணைச் சேரும் வழி

மீன் சந்தையில் இறாலை உரித்து வாங்கினால் தலையும் ஓடும் அங்கேயே வாளிக்குப் போய்விடும். இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதி இப்படித்தான் கழிகிறது. தூத்துக்குடி, கொச்சி போன்ற ஏற்றுமதி ஊர்களில் இந்த ஓடு மலையாய்க் குவியும். ஒரு நாள் அள்ளாமல் விட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்த ஓடுதான், நெடுந்தூரம் சுற்றி, மெல்லிய வலையாக மனிதரின் புண் மேல் வந்து படுக்கிறது.

ஓட்டில் முக்கியமாக இருப்பவை மூன்று: சுண்ணாம்புச் சத்து, புரதம், கைட்டின். நமக்கு வேண்டியது மூன்றாவது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப் போடுவார்கள். நுரை பொங்கிச் சுண்ணாம்பு கரைந்துவிடும். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் புரதம் கழன்றுபோகும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமே அந்தப் புரதம்தான் என்பதால் இந்தக் கழுவலில் யாரும் அவசரப்படுவதில்லை. எஞ்சும் கைட்டின் எளிதில் எதிலும் கரையாது. அதை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் ஆகிறது. கைட்டினை 1811இல் காளானிலிருந்து பிரித்தவர் பிரெஞ்சுக்காரர் பிராக்கோன்னோ. அதைக் காரத்தில் கொதிக்கவைத்து 1859இல் இந்த மாற்றத்தைக் கண்டவர் ரூஜே. இந்தியாவில் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்தது.

கைட்டினைப் போலன்றி, கைட்டோசான் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்திலேயே கரையும். கரைந்ததும் நேர்மின்னேற்றம் பெறும். ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, ரத்தம் கட்டும். பாக்டீரியாவின் மேலுறையையும் அதே ஈர்ப்பு குலைக்கிறது. உறையவைத்து உலர்த்திய கைட்டோசான் பட்டையை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்முனைகளில் அமெரிக்கப் படையினர் ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தினார்கள்.

பட்டை ரத்தத்தை நிறுத்தும். புண் ஆறுவது வேறு கதை. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். காற்றில் காய்ந்து பொருக்குத் தட்டியவற்றைவிட, ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஈரம் வேண்டும், காற்று புக வேண்டும், கிருமி புகக் கூடாது. இந்த மூன்றும் பொருந்துவதற்கு நூலால் ஆன நுண்வலைதான் தோது. நம் தோலுக்கு அடியில் செல்கள் பற்றிப் படரும் கொலாஜன் இழைகளும் ஏறக்குறைய அதே பருமன்தான்.

அந்த நூலை நூற்பது மின்சாரம். 1600இலேயே கில்பர்ட், தேய்த்த அம்பரை அருகில் கொண்டுபோனால் நீர்த்துளி கூம்பாக எழுவதைக் கண்டிருந்தார். 1934இல் ஃபோர்மால்ஸ் மின்விசையால் நூல் நூற்கக் காப்புரிமை பெற்றார். 1964இல் டெய்லர் அந்தக் கூம்பின் கணக்கைப் போட்டுக் காட்டினார்: அச்சிலிருந்து 49.3 பாகைச் சரிவு. இன்றைய கருவியில் ஊசிமுனையில் கரைசல்துளி நிற்கும். 10 முதல் 30 கிலோவோல்ட் மின்னழுத்தம் ஏறும். துளி கூம்பாகி நுனியிலிருந்து தாரை சீறும். சாட்டைபோல் சுழன்று நீளும் அந்தத் தாரை, கரைப்பான் காற்றில் போய்விட, எதிரே ஒரு சாண் தொலைவிலுள்ள தகட்டில் இழையாக விழும். தலைமுடியைவிடச் சில நூறு மடங்கு மெல்லிய இழை.

கைட்டோசான் மட்டும் முரண்டு பிடித்தது. எந்த நேர்மின்னேற்றம் புண்ணுக்கு உதவியதோ அதுவே மூலக்கூறுகளை ஒன்றையொன்று தள்ளவைத்தது. நூல் வரவில்லை, தெறித்த துளிகளே வந்தன. பலர் பாலிஎத்திலீன் ஆக்சைடைத் துணைக்குச் சேர்த்தார்கள். 2004இல் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஒகாவாவின் குழு, டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலத்தில் கரைத்துத் தனிக் கைட்டோசானையே நூற்றுக் காட்டியது. ஆனால் அந்த வலை நீர் பட்டதும் கரைந்தது. அதைக் கரையாமல் நிறுத்த உதவியது சலவைச் சோடா: சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கியெடுத்தால் அமிலம் நீங்கி இழை நிலைக்கும்.

எலிகளின் முதுகில் இந்த வலை நன்றாகவே தேறியிருக்கிறது. இனி உள்ள தடை வேகம். ஒற்றை ஊசி ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஒரு கிராம் கூடத் தருவதில்லை. செக் நாட்டின் லிபெரெட்ஸ் நகரில் ஊசியை விட்டுவிட்டு, கரைசலில் சுழலும் உருளையிலிருந்தே பல தாரைகளை எழுப்பும் முறையைக் கண்டார்கள். ஓடு மலிவு, அமிலமும் காரமும் மலிவு, செலவெல்லாம் நூற்பதிலும் தூய்மையிலும்தான். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு அரசு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறைக்கு வெளியே காத்திருப்பவருக்கு இது கிடைக்க வேண்டுமானால், இதன் விலை பஞ்சும் காஸ்துணியும் விற்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும்.