தோட்டத்து மக்கள் மனத்தைக் காத்த வழி

காய்ச்சல் கண்டால் மருந்துக்கு எங்கே போவது என்பது நமக்குத் தெரியும். மனம் கலங்கினால் எங்கே போவது? பேராக் மாநிலத்தில், தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊரில், 1911-ஆம் ஆண்டிலேயே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் அந்த ஊரின் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. சற்றுத் தடுமாறிப் பேசியவரையும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கமாயிற்று. அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் தம் துயரை வெளியில் சொல்லாமல் இருந்தனர்.

அப்படியானால், உற்றாரைப் பிரிந்து கடல் கடந்து வந்த நம் முன்னோர் மனத்தை எப்படிக் காத்துக் கொண்டார்கள்? அன்றாடப் பழக்கங்களால்தான் என்று சொல்ல வேண்டும்.

ரப்பர் மரத்தில் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு பால் வெட்டு. பிறகு பாலைச் சுமந்துபோய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். பகற்பொழுது தோட்டத்துக்குரியது. மாலைப்பொழுது மட்டுமே நம்முடையது. பெண்களுக்கு அதிலும் அடுப்பு வேலை உண்டு. ஆயினும் அந்தச் சிறுபொழுதில் அஞ்சடியில் அமர்ந்து பேசினார்கள். லயத்தின் பின்புறம் முருங்கையும் கத்தரியும் வளர்த்தார்கள். கோயிலில் பஜனை பாடினார்கள். திடலில் பந்து விளையாடினார்கள். 1924-இல் 'தமிழ் நேசன்', 1935-இல் 'தமிழ் முரசு' ஆகிய இதழ்கள் தோன்றியபின், எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். இவை வெறும் பொழுதுபோக்கு அல்ல. கவலையைப் பிறரிடம் சொல்லும்போது அதன் பாரம் குறைகிறது. கைக்கு வேலை இருக்கும்போது மனம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வருவதில்லை.

அதே மாலை நேரத்தில் இன்னொரு பழக்கமும் காத்திருந்தது. அரசின் அனுமதியோடு தோட்டத்திலேயே கள்ளுக்கடை நடந்தது. கள் ஒரு நாழிகை கவலையை மறக்கச் செய்யும். பிறகு தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் சோர்வைக் கூட்டும். கூலிப் பணத்தையும் கொண்டுபோகும். இதை நம் மக்கள் உணர்ந்திருந்தார்கள். 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தையும் எதிர்த்தார்கள். தலைகுனிந்து வாழ்வதும் மனத்தை நோகச் செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942, 1943 ஆண்டுகளில், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா ரயில் பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் பலர். கணவன் திரும்புவானா என்று தெரியாமலே பெண்கள் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அத்துயரில் எல்லாரும் உடையாமல் மீண்டார்கள் என்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் போர் முடிந்தபின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1946-இல் கெடா மாநிலத்தில், பீடோங் அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பழகிய ஒழுங்கு அதற்குத் துணை நின்றது. இளைஞர்கள் கூடி அணிவகுத்தார்கள்; கள்ளுக்கடைமுன் மறியல் செய்தார்கள். 1947-இன் தொடக்கத்தில் காவல்துறை அந்தப் படையை ஒடுக்கியது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. பெருந்துயரத்துக்குப் பின் மனிதரை நிமிர்த்துவது கூடி வாழும் ஒழுங்குதான் என்பதற்கு அந்த இளைஞர்களே சாட்சி.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். அங்கே அஞ்சடி இல்லை. கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டார் முகம் தெரிவதில்லை. ஆகவே முன்பு தானாக அமைந்ததை இன்று நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் உறங்கி எழுவோம். நாள்தோறும் சிறிது நேரம் நடப்போம். பூந்தொட்டி ஒன்றையாவது வளர்ப்போம். நாளுக்கு ஒருவரிடமேனும் மனம்விட்டுப் பேசுவோம்.

இவற்றாலும் தீராத சோர்வு உண்டு. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப் பிரிவு 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது. துன்பப்படுபவர் குற்றவாளி அல்லர் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட பிறகு, நாம் மட்டும் பழைய கேலியைத் தொடரலாமா? மனம் சரியில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், அவரை அமர வைத்துக் கேட்போம். மருத்துவரிடம் துணைக்குச் செல்வோம்.